கணக்கெடுக்க வந்தால் நாம் கேட்க வேண்டியவை

நம் மாவட்டத்து இருவேல்பட்டு கிராமத்தை 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர் மூலம் ஆய்வு செய்தார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. பிறகு வேறு ஆய்வாளர்களும் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், 2008-லும் போனார்கள். அன்று பண்ணையாளாகக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களின் நிலை எப்படி மாறியது என்று நமக்குத் தெரிவது இதனால்தான்.

விக்கிரவாண்டிப் பக்கம் நம் குழுக்களுக்கும் கேள்வித்தாளோடு வருகிறார்கள். லோன் கிடைக்காமப் போயிடுமோன்னு பயந்து கடனைக் குறைத்துச் சொன்னால், பொய்க் கணக்குதான் ஏறும். நம் கஷ்டம் ஏறாது.

ஆகவே முதலில் கேட்போம்: நீங்க யாரு? இது எதுக்கு? எங்க பேரு வெளியே வருமா? முடிவை எங்களுக்கும் சொல்வீங்களா?

ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி பிடிக்காவிட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம். சொன்னால் உள்ளதைச் சொல்வோம். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள்.