வாசலை மட்டும் அளந்தால் போதுமா?

நம்பிக்கை: நிலை 30 அங்குலம், சோபாவின் ஆழம் 34 அங்குலம் என்றால் உள்ளே போகவே போகாது.

உண்மை: பெரும்பாலும் போகும். பக்கவாட்டில் பாருங்கள், சோபா ‘ட’ வடிவில் இருக்கும். ஒரு கைப்பிடி தரையில் படும்படி அதைச் செங்குத்தாக நிறுத்துங்கள். முதலில் சாய்மானத்தை உள்ளே நுழைத்து, நிலையைச் சுற்றி மெல்லத் திருப்பினால் இருக்கைப் பகுதி பின்னாலேயே வந்துவிடும். ஆறரை அடி நீளச் சோபா ஏழடி நிலைக்குள் நின்றபடியே நுழையும். கதவைக் கீலோடு கழற்றிவிட்டால் இன்னும் ஓர் அங்குலம் கிடைக்கும். இதை முயன்று பார்க்காமலே நல்ல சோபாவைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை: வாசலைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: சிக்கலே அதற்குப் பிறகுதான். நடையின் திருப்பமும் மாடிப்படியின் திருப்பமும்தான் பொருளை மாட்ட வைக்கும். ‘ட’ போல வளையும் நடையில் நுழைந்து திரும்பக்கூடிய மிகப்பெரிய சோபா எது என்று 1966-இல் லியோ மோசர் என்ற கணித அறிஞர் கேட்டார். 1992-இல் ஜோசப் கெர்வர் ஒரு வடிவத்தைக் காட்டினார். அதைவிடப் பெரியது இல்லை என்பதற்கான நிரூபணத்தைக் கொரியாவின் ஜினியன் பேக் 2024-இல்தான் வெளியிட்டார். அறிஞர்களையே அத்தனை ஆண்டுகள் திணறடித்த திருப்பத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுவது சரியல்ல. கடைக்குப் போகும் முன்பே இன்ச் டேப்போடு படியேறிப் பாருங்கள்.

நம்பிக்கை: ஃபிரிட்ஜைப் படுக்க வைத்தால் கேஸ் போய்விடும்.

உண்மை: போகாது, குழாய்கள் அடைக்கப்பட்டவை. கம்ப்ரசரில் உள்ள எண்ணெய்தான் குழாய்களுக்குள் ஓடிவிடும். படுத்திருந்த நேரம் அளவுக்காவது நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு சுவிட்ச் போடுங்கள்.

நம்பிக்கை: படியில் பீரோ ஏற்றும்போது பலசாலி மேலே நின்று இழுக்க வேண்டும்.

உண்மை: சாய்த்துத் தூக்கும் பீரோவின் எடையில் பெரும்பகுதி கீழே இருப்பவர் மீதுதான் இறங்குகிறது. பலசாலி கீழே நிற்கட்டும். துணிமணிகளை எடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக் கயிற்றால் கட்டுங்கள். கீழே நிற்பவருக்குப் பின்னால் படியில் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. கீழே இருப்பவர் ‘நிறுத்து’ என்றால், எத்தனை அவசரமானாலும் அந்தக் கணமே நிறுத்துங்கள்.