காப்வா: பிலிப்பைன்ஸ் மக்கள் கண்ட ‘தான்’

பிலிப்பைன்ஸ் தீவுகளில் அயல்வீட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பவர் ‘தாவோ போ’ என்று அழைப்பது வழக்கம். ‘தாவோ’ என்றால் மனிதர். ‘போ’ என்பது மரியாதைக்குச் சேர்க்கும் அசை. ‘மனிதர் வந்திருக்கிறேன், ஐயா’ என்பதே இதன் கருத்து. இன்னார் மகன், இன்ன ஊரான் என்பதெல்லாம் கதவு திறந்த பிறகுதான்.

இதற்கு நேர்மாறான ஓர் அறிமுகத்தை மேலைத் தத்துவத்தில் காண்கிறோம். 1637இல் தம் நூலை வெளியிட்ட டேக்கார்ட், கண்டது கேட்டது அனைத்தையும் ஐயுற்றார். ஐயுறுகின்ற தம் எண்ணம் ஒன்றை மட்டும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகக் கொண்டார். அங்கே ‘தான்’ முதலில் வருகிறது. உலகமும் பிறரும் பின்னர் மெய்ப்பிக்கப்பட வேண்டியவர்களாகக் காத்து நிற்கின்றனர்.

இவ்விரண்டு நோக்குகளும் பிலிப்பைன்ஸில் மோதிக்கொண்டதற்கு வரலாறே காரணம். 1565 முதல் 1898 வரை ஸ்பெயினும், அதன்பின் 1946 வரை, இடையில் ஜப்பானியர் பிடித்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, அமெரிக்காவும் அந்நாட்டை ஆண்டன. 1849இல் கிளவேரியா என்னும் ஆளுநர், பெரும்பாலும் ஸ்பானியச் சொற்கள் நிறைந்த ஒரு பெயர்ப் பட்டியலை ஊர்தோறும் அனுப்பி, குடும்பப் பெயர்களை அதிலிருந்து ஏற்கச் செய்தார். 1901 முதல் ஆங்கிலமே பள்ளிக்கூட மொழியாயிற்று. பெயர் ஒருவர் தந்தது, பாடமொழி இன்னொருவர் தந்தது என்றால், ‘நான் யார்?’ என்னும் வினாவை எந்த மொழியில் கேட்பது?

உளவியலும் ஆங்கிலத்திலேயே வந்து சேர்ந்தது. 1960களில், அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைத் துறவியும் மானிடவியல் அறிஞருமான பிராங்க் லிஞ்ச், உரசலின்றி ஒத்துப்போதலை அம்மக்களின் தலையாய பண்புகளில் ஒன்றாக எடுத்துக்காட்டினார். ‘பாக்கிகிசாமா’ என்னும் சொல் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. ‘ஹியா’ என்பது அவமானம் என்றும், ‘ஊத்தாங் நா லோஓப்’ என்பது நன்றிக்கடன் என்றும் மொழிபெயர்க்கப்பட்டன. கூட்டத்தோடு போகிறவர், அவமானத்திற்கு அஞ்சுகிறவர், பட்ட கடனுக்குக் கட்டுப்பட்டவர் என்றொரு சித்திரம் பாடநூல்களில் நிலைத்தது. தம்மைப் பற்றிய இச்சித்திரத்தை அந்நாட்டு மாணவர்களே படித்துத் தேர்வெழுதினர் என்பதுதான் வேதனை.

இதனை மறுத்தெழுந்தவர் விர்ஜிலியோ என்ரிக்கெஸ் (1942–1994). அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1971இல் தாயகம் திரும்பிய இவர், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலைப் பிலிப்பினோ மொழியிலேயே கற்பிக்க முனைந்தார். 1975இல் பிலிப்பினோ உளவியலுக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் கண்டார். மக்கள் பேச்சில் வழங்கும் சொற்களே அவருக்கு ஆய்வுக்கூடம்.

அவற்றுள் நடுநாயகமானது ‘காப்வா’. அகராதி இதற்குப் ‘பிறர்’ என்று பொருள் தரும். ஆனால் அது போதாது. பிறர் என்றவுடனே நான் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமுமாகப் பிரிந்துவிடுகிறோம். காப்வாவோ இருவரையும் ஒருங்கே தழுவும் சொல். என்னில் உள்ளதே எதிரில் இருப்பவரிடமும் உளது என்னும் உணர்வு அது. உறவினரும் நண்பருமாகிய ‘நம்மவர்’ மட்டுமல்லர், முன்பின் அறியாத ‘வேற்றாளும்’ காப்வாவில் அடக்கம் என்பது என்ரிக்கெஸின் முடிவு. வாசலில் நிற்கும் ‘மனிதர்’ என்ற குரலுக்கு இப்போது பொருள் விளங்குகிறது. உபசாரமாகப் பழகுவதில் தொடங்கி ஒன்றிவிடுவது வரை மக்கள் பழகும் படிகள் எட்டு என அவர் வகுத்தார். லிஞ்ச் தலைமேல் வைத்த பாக்கிகிசாமா அவற்றுள் ஒரு படி மட்டுமே.

மற்றச் சொற்களும் தாய்மொழியில் வைத்துப் பார்த்தால் முகம் மாறுகின்றன. ‘மஹியாயின்’ என்றால் கூச்ச சுபாவம் உடையவர். ‘நபாஹியா’ என்றால் பிறர்முன் தலைகுனிய நேர்ந்தவர். வேர் ஒன்றே, ஒட்டு மாறப் பொருளும் மாறுகிறது. கூச்சம், நாணம், தலைக்குனிவு என வேறுபடுத்திப் பேசும் நமக்கு, எல்லாவற்றையும் அவமானம் என்ற ஒரே பெட்டியில் அடைத்தால் என்ன இழப்பு என்பது சொல்லாமலே விளங்கும். ‘லோஓப்’ என்பது உள், உள்ளம். உள்ளத்தால் பட்ட கடன் பேரேட்டில் எழுதித் தீர்க்கும் கடன் அன்று.

இதனால் கீழைநாட்டார் யாவரும் ஒரே அச்சு என்று கொள்ளலாகாது. 1991இல் மார்க்கஸ், கிட்டயாமா என்னும் இரு உளவியலார் தனித்து நிற்கும் ‘தான்’, சார்ந்து நிற்கும் ‘தான்’ எனப் பாகுபடுத்தியது பெரிதும் எடுத்தாளப்படுகிறது. பயனுள்ள பாகுபாடுதான். ஆனால் பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தனி ஆன்மாவாகக் கடவுள்முன் மண்டியிட்டுப் பாவத்தை அறிக்கையிடும் பழக்கம் அங்கே சில நூற்றாண்டுப் பழமை உடையது. அவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது? உள்ளக்கடனைக் காட்டி வாக்குக் கேட்கும் அரசியல்வாதிக்கும் அங்கே பஞ்சமில்லை. நல்ல சொல்லைத் தீய கையும் எடுத்தாளும்.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்றறிஞர் செயுஸ் சாலசார் எழுப்பிய கேள்வி இன்னும் கூரியது. தகலோக் மொழியில் முன்னிலையாரைச் சேர்த்துச் சொல்வது ‘தாயோ’. விலக்கிச் சொல்வது ‘காமி’. ஆங்கிலத்திற்கு இவ்வேறுபாடு இல்லை; நமக்கோ ‘நாம்’, ‘நாங்கள்’ என்றால் போதும். ரிசால் 1887இல் பெர்லினில் வெளியிட்ட புகழ்பெற்ற நாவல் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது. அத்தலைமுறையினர் ஆள்வோரை நோக்கி, ‘நாங்கள் தாழ்ந்தவர் அல்லர்’ என்று வாதாடினர். அது ‘காமி’யின் குரல். தம் மக்களோடு தம் மொழியில் பேசும் ‘தாயோ’ வரலாறு வேண்டும் என்றார் சாலசார். தாய்மொழியில் பல கட்டுரைகள் எழுதிய என்ரிக்கெஸ், அடிமை உளவியலிலிருந்து விடுதலை உளவியலுக்குச் செல்லும் தம் கொள்கையைத் தொகுத்துரைத்த 1992ஆம் ஆண்டு நூலை ஆங்கிலத்திலேயே எழுதினார்.