கிராம சபையில் பெண் பிள்ளைகள் பேசப் போகிறீர்களா? இப்படித் தயாராகுங்கள்

பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. நாப்கின் கொடுத்து நாலு மாதமாகிறது. டியூஷன் விட்டு வரும் வழியில் தெருவிளக்கு எரிவதில்லை. எந்த ஊரிலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டால் அரைமணி நேரத்தில் இப்படி ஒரு பட்டியல் வந்துவிடும். வீட்டில் சொன்னால் "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பார்கள். இதில் அனுசரிக்க ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே கேட்கலாம். ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில், பட்டியலிலிருந்து ஒரே ஒரு குறையை எடுங்கள். பத்தைச் சேர்த்துக் கேட்டால் "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலோடு பத்தும் போய்விடும். ஒன்றை மட்டும் கேட்டால் அதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது கணக்கு. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கழிப்பறையை எடுத்துக்கொண்டீர்கள் என்றால், ஒரு வாரம் இடைவேளையில் நின்று கவனியுங்கள். எத்தனை கதவு, எதில் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, மக் இருக்கிறதா, நாப்கின் போட மூடி வைத்த கூடை உண்டா? தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் ஒருத்தி உள்ளே போக, தோழி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெல் அடித்தபிறகும் வரிசை நகர்ந்திருக்காது. அதையும் தேதி போட்டு எழுதுங்கள். மதியத்துக்குமேல் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர், மாதவிலக்கு நாளில் லீவு போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள், பெயர் வேண்டாம். காலியான கழிப்பறையைப் படம் எடுக்கலாம்; பிள்ளைகள் யாரும் படத்தில் வரக்கூடாது. மத்திய அரசின் 'தூய்மைப் பள்ளி' வழிகாட்டி 40 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. உங்கள் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறை தானாகத் தெரியும்.

நாப்கின் என்றால் கணக்கு இன்னும் சுலபம். 'புதுயுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின் தரவேண்டும். கடைசியாக எப்போது வந்தது, எத்தனை பாக்கெட் கைக்கு வந்தது என்று பள்ளிப் பிள்ளைகளிடமும், படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலிருப்பவர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்த இரண்டாவது கூட்டம்தான்.

யாருடைய பொறுப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சியுடையது. நாப்கின், வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துடையது. கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் பேசுங்கள். பஸ் என்றால் டிப்போ மேலாளர். பள்ளி விஷயத்தைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லிவிட்டுத்தான் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். உங்கள் அம்மாவோ தோழியின் அம்மாவோ அதில் இருக்கலாம்.

பெரியவர்கள் துணை இங்கே அவசியம். கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள். 18 நிறையாதவர்களுக்குத் தீர்மானத்தில் வாக்கில்லை. ஆகவே முன்மொழிய ஓர் அம்மா, வழிமொழிய ஒரு மகளிர் குழு அக்கா என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தலைவரையோ, தேர்தல் நடக்காத ஊரில் தனி அலுவலரையோ முன்கூட்டியே பார்த்து, "எங்களுக்கு ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று கேட்டுவையுங்கள். யாரும் தனியாகப் போகவேண்டாம்.

மனு அரைப் பக்கம் போதும். ஒரு மாதிரி:

"எங்கள் பள்ளியில் 130 மாணவிகள் படிக்கிறோம். கழிப்பறை 3. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை. தாழ்ப்பாளும் குழாயும் இந்த மாதத்துக்குள் சரிசெய்யவும், கூடுதலாக ஒரு கழிப்பறை கட்ட நடவடிக்கை எடுக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது."

இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பேசும்போது ஒருத்தி கணக்கைச் சொல்லட்டும், இன்னொருத்தி கோரிக்கையை வாசிக்கட்டும். மாதவிலக்கு என்ற சொல்லைத் தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் மென்று விழுங்கினால் கேட்பவர்களும் அதைச் சாக்காக வைத்து அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். பேசி முடித்ததும் உட்கார்ந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா, எண் என்ன என்று ஊராட்சி செயலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சபைக்குக் கொண்டுபோகக் கூடாது. யாராவது தொட்டார், மிரட்டினார், பின்தொடர்ந்தார் என்றால் அதைக் கூட்டத்தில் பேசினால் பாதிக்கப்பட்ட பிள்ளைதான் ஊர்வாயில் விழுவாள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு அடியுங்கள். பள்ளிக்குள் நடந்தது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-லும் சொல்லலாம். 18 வயதுக்குள் கட்டாயக் கல்யாணப் பேச்சு நடந்தாலும் 1098தான். போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த பெரியவர்கள் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். பெண் பிள்ளைகள் நடக்கும் பாதையில் விளக்கு வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதைச் சபையில் தாராளமாகக் கேளுங்கள்.

ஒரு மாதத்தில் அசைவில்லையா? தீர்மான எண்ணோடு மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் அம்மாவோடு போய்ப் பதிவுசெய்து, மனு எண் வாங்கி வாருங்கள். "நிதி இல்லை" என்று வாய்வார்த்தையாகப் பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் அம்மா பெயரில் மனு போடலாம்: தீர்மானத்தின் மேல் என்ன நடவடிக்கை, எவ்வளவு நிதி வந்தது, எதற்குச் செலவானது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் அதே தீர்மான எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.