விரியன் கடித்தால் இரத்தம் ஏன் உறைவதில்லை?

மாணவர்களே, இரத்தம் உறைதல் பற்றி உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். புரோதிராம்பின், திராம்பின், பைப்ரினோஜன், பைப்ரின் என்று அம்புக்குறி போட்டு மனனம் செய்திருப்பீர்கள். அந்த அம்புக்குறிகளில் ஒன்று மட்டும் தடம் மாறினால் உடலில் என்ன நடக்கும்? இதை உலகுக்கு விளக்கிய ஆய்வுகளில் ஒன்று நம் பினாங்கில் நடந்தது.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவர் பணிபுரிந்தார். கடல் பாம்புக் கடியைப் பற்றியும் நிறைய ஆராய்ந்தவர் அவர். நாம் இங்கே பார்க்கப்போவது மலாயா குழிவிரியனை. மலாய் மொழியில் இதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். 'போடோ' என்றால் முட்டாள். ஆள் நெருங்கினாலும் நகராது. கடித்த பிறகும் அதே இடத்தில் கிடக்கும். காய்ந்த ரப்பர் இலைகளின் நிறம் அதற்கு. விடியற்காலை இருட்டில் பால் மரம் சீவப் போனவர்கள் அதை மிதித்துக் கடிபட்டதில் வியப்பில்லை. நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டங்களில் இது நன்கு தெரிந்த ஆபத்து.

கடிபட்டவர்களின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தால், அது உறையாமல் நீராகவே இருந்தது. நலமாக இருப்பவரின் இரத்தம் சுமார் 10 நிமிடத்தில் குழாயில் கட்டியாகிவிடும். மருந்து கொடுக்காவிட்டால் இந்தக் குறை நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூட நீடித்தது. ரீடும் அவருடன் பணியாற்றியவர்களும் 1963இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை எழுதினார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, முதலில் நலமான உடலைப் பார்ப்போம். விரலில் வெட்டுப்பட்டதும் இரத்தக் குழாய் சுருங்குகிறது. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டி, ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கின்றன. அடுத்து, திராம்பின் என்னும் நொதி பைப்ரினோஜன் மூலக்கூற்றிலிருந்து இரண்டு வகைத் துண்டுகளை வெட்டுகிறது. வெட்டுப்பட்டவை ஒன்றோடொன்று சேர்ந்து பைப்ரின் இழைகளாகின்றன. 13ஆம் உறைகாரணியையும் திராம்பினே தூண்டிவிடுகிறது. இழைகளைக் குறுக்காக இறுகப் பிணைப்பது அந்தக் காரணிதான். அதற்குப் பிறகே வலை உறுதியாகிறது.

விரியன் நஞ்சிலும் திராம்பினைப் போன்ற ஒரு நொதி இருக்கிறது. ஆனால் அது அரைகுறை வேலைக்காரன்! இரண்டு வகைத் துண்டுகளில் ஒன்றை மட்டும் வெட்டும். 13ஆம் காரணியைத் தூண்டாது. அதனால் உண்டாகும் இழைகள் தளர்ந்தவை. உடலிலுள்ள பிளாஸ்மின் அவற்றை உடனுக்குடன் கரைத்துவிடும். மீனவர் வலை பின்ன வைத்திருந்த நூலையெல்லாம் ஒருவன் முடிச்சுப் போடாமல் கோத்துக் கோத்துக் கடலில் விட்டால் எப்படி இருக்கும்? கடைசியில் நூலும் இல்லை, வலையும் இல்லை. இரத்தம் உறையாததற்குக் காரணம் பைப்ரினோஜன் தீர்ந்துபோனதுதான். நஞ்சு உறைதலைத் தடுக்கவில்லை. தவறான வழியில் ஓயாமல் நடத்தியது.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. இரத்தம் உறையாத நிலையிலும் பலருக்குப் பெரிய இரத்தப்போக்கு ஏற்படவில்லை. தட்டணுக்களும் குழாய்ச் சுவரும் நன்றாக இருந்தால், அன்றாடச் சிறு கசிவுகளை அவையே அடைத்துவிடும். தட்டணுக்கள் குறைந்து, நஞ்சு குழாய்ச் சுவரையும் சிதைத்தவர்களுக்குத்தான் ஈறில் இரத்தம் கசிவது போன்ற ஆபத்தான அறிகுறிகள் தோன்றின.

மற்ற நோய்களையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். டிங்கிக் காய்ச்சலில் குறைவது முக்கியமாகத் தட்டணுக்கள். பிறவியிலேயே வரும் ஹீமோபிலியா ஏ நோயில் தட்டணுக்கள் சரியாக இருக்கும். 8ஆம் உறைகாரணி போதாது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு. இவர்களுக்குச் சிறு கீறல் பெரும்பாலும் தானே நின்றுவிடும். முழங்கால் போன்ற மூட்டுகளுக்குள் நடக்கும் கசிவுதான் நிற்காமல் வதைக்கும். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் ஆண்களுக்கே.

பைப்ரினோஜன் இல்லாமலும் பலர் சமாளிக்கிறார்கள் என்றால், காலின் ஆழ்சிரையில் தேவையில்லாமல் இரத்தம் உறைபவர்களுக்கு இந்த நொதியையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? 1960களின் பிற்பகுதியில் அதைப் பிரித்தெடுத்து, 'ஆர்வின்' என்ற பெயரில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் மற்றொரு பெயர் அன்க்ராட். பிற்காலத்தில் பக்கவாதத்துக்கும் சோதித்தார்கள். பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நல்ல யோசனை எல்லாமே நல்ல மருந்தாகிவிடுவதில்லையே!

கடிபட்டவருக்கு என்ன செய்வது? கடிவாயைக் கத்தியால் கீறி 'கெட்ட இரத்தத்தை' வெளியேற்றும் வழக்கத்தை இன்றும் சிலர் சொல்வார்கள். உறையாத இரத்தம் ஓடும் உடலில் புதிதாக ஒரு வெட்டு! இதைவிடக் கேடு வேறில்லை. கயிறு கட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அங்கே உறைதல் சோதனைகளைப் பார்த்து, தேவைப்பட்டால் நஞ்சுமுறி மருந்தை ஏற்றுவார்கள். இந்த விரியனுக்கான மருந்து பாங்காக்கின் ராணி சௌவாபா நினைவு நிறுவனத்தில் குதிரைகளின் உதவியால் தயாராகிறது. அது நஞ்சைப் பிடித்து முடக்கும்; ஆனால் பைப்ரினோஜனைத் தராது. அதைக் கல்லீரல்தான் புதிதாக உருவாக்க வேண்டும். ஆய்வுக்கூட வசதி இல்லாத இடங்களில் ஓர் எளிய சோதனை உண்டு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். மருந்து ஏற்றிச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் சாய்க்கும்போது இரத்தம் வழியாமல் நின்றால், கல்லீரல் செய்யும் பைப்ரினோஜனை இனி நஞ்சு தின்னவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.