ஒன்ராறியோ ஏரி: வெயிலைப் பார்த்து இறங்க வேண்டாம்

ஜூன் நடுப்பகுதி. ரொறன்ரோவில் வெயில் 28, 30 பாகை என்று ஏறத் தொடங்கிவிட்டது. பாடசாலை விடுமுறைக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. புளஃபர்ஸ் பார்க், வுட்பைன் பீச் எங்கும் இனி வார இறுதிகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஆனால் ஏரிக்குக் கோடை இன்னும் வரவில்லை. கரையோரத் தண்ணீர் இப்போது பெரும்பாலும் 10 முதல் 15 பாகைக்குள்தான் இருக்கும். மணலில் விளையாடலாம், கால் நனைக்கலாம். நீந்த இறங்குவதை ஜூலை நடுப்பகுதி வரை தள்ளிப்போடுவதே நல்லது.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் ஏரியின் ஆழம். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர். மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர். நன்னீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும். குளிர்காலம் முடிந்து மேல்நீர் சூடேறி 4 பாகையைத் தொட்டதும், கனத்துக் கீழே இறங்கிவிடுகிறது. அதன் இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் வருகிறது. அடிவரை எல்லாம் 4 பாகைக்கு வந்த பிறகே மேலே வெதுவெதுப்பான படலம் ஒன்று நிலைக்க முடியும். ஆழமில்லாத கரையோரம் இதை முதலில் தாண்டுகிறது. நடு ஏரி ஜூன் வரை இழுத்தடிக்கிறது.

வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சிம்கோ ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 15 மீற்றர்தான். அது வெகு விரைவில் சூடேறிவிடும். பிள்ளைகள் இப்போதே நீந்த வேண்டும் என்று அடம்பிடித்தால் சிம்கோவின் ஆழமற்ற கரைகளோ, அக்கம்பக்கத்து நீச்சல் தடாகமோ பொருத்தமான இடம்.

ஜூலையில் காற்றைக் கவனிக்க வேண்டும்

ஜூலையில் கரையோரத் தண்ணீர் 18, 20 பாகைக்கு வந்துவிடும். ஆனால் அந்தச் சூடு ஒரு மேற்படலம் மட்டுமே. கீழே நல்ல கோடையிலும் 4 பாகைக் குளிர் அப்படியே இருக்கும். 2004 முதல் ரொறன்ரோ நகர மையத்தின் பெரிய கட்டடங்கள் குளிரூட்டப்படுவதே அந்தக் குளிரால்தான். கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தள்ளி, 83 மீற்றர் ஆழத்திலிருந்து குழாய்கள் அந்தத் தண்ணீரை இழுத்து வருகின்றன.

குழாய் செய்யும் வேலையைச் சில நாட்களில் காற்றும் செய்துவிடும். மேற்குக் காற்று நீண்ட நேரம் வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது தெற்கே, ஒதுக்கப்படுகிறது. வடகரையில் இருக்கும் ரொறன்ரோவில் அந்த இடத்தை நிரப்ப அடிநீர் மேலே வருகிறது. 20 பாகையாக இருந்த தண்ணீர் ஓரிரு நாளில் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் கொளுத்தும்.

தரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் வடக்கு, வடமேற்குக் காற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கரையோரம் அலையின்றி அமைதியாகத் தெரிவதால் பெற்றோர் தைரியமாகப் பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். அதே காற்று காற்றடைத்த மிதவைகளைக் கண் மூடித் திறப்பதற்குள் ஆழத்துக்குத் தள்ளிவிடும். அங்கே தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும். இத்தகைய நாட்களில் மிதவைகளைக் காரிலேயே விட்டுவிட வேண்டும்.

குளிர்ந்த நீரில் உடலுக்கு நடப்பது

15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென விழும் உடல் முதலில் மூச்சுத் திணறலில்தான் மாட்டிக்கொள்கிறது. தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சிழுக்கும் அந்தக் கணத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கக்கூடும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், மிகக் குளிர்ந்த நீருக்கு 1-10-1 என்றொரு கணக்கை நினைவில் வைக்கச் சொல்கிறார். மூச்சை வசப்படுத்த 1 நிமிடம். கைகால்கள் சொல்கேட்டு இயங்க 10 நிமிடம். உடற்சூடு குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம்.

ஆகவே தவறி விழுந்தால் உடனே கரையை நோக்கி நீந்தத் தொடங்கக் கூடாது. மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. மிதக்கும் பொருளையோ கயிற்றையோ எறிந்து, 911ஐ அழைக்க வேண்டும். மீட்கப்பட்டவரின் ஈர உடைகளைக் கழற்றிப் போர்வையால் சுற்ற வேண்டும். கைகால்களைத் தேய்ப்பதும் சுடுநீரில் குளிப்பாட்டுவதும் தீங்கு செய்யும்.

புறப்படும் முன்

முதலில் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். அடுத்து நீரின் வெப்பநிலை: கனடிய அரசின் அளவீட்டு மிதவைகள் இதைத் தொடர்ந்து அறிவிக்கின்றன. அவை கரையிலிருந்து தள்ளி இருப்பதால், பீச்சுக்குப் போனதும் முழங்கால் அளவு நீரில் சில நிமிடம் நின்று பார்ப்பதும் அவசியம். பாதம் வலித்தால் அன்று நீச்சல் வேண்டாம்.

மூன்றாவது, நீரின் தூய்மை. ரொறன்ரோ நகரம் கோடையில் பீச்சுகளின் நீரைச் சோதிக்கிறது. 100 மில்லிலீற்றரில் 100க்கு மேல் ஈ. கோலி பக்டீரியா இருந்தால் நீந்த வேண்டாம் என்று அறிவிக்கிறது. சோதனை முடிவு வர ஒரு நாள் எடுக்கும் என்பதால், இன்று தெரிவது நேற்றைய நிலவரம். பெருமழை பெய்தால் வடிகால் கழிவு ஏரிக்குள் வரும். அதன் பின் 48 மணி நேரம் இறங்காமல் இருப்பது பாதுகாப்பு. ஹம்பர் ஆற்று முகத்துக்கு அருகிலுள்ள சன்னிசைட், எற்றோபிக்கோ ஓடை கலக்கும் மேரி கேர்ட்டிஸ் பார்க் போன்ற இடங்களில் இது இன்னும் முக்கியம்.

சிறு பிள்ளைகள் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீந்தத் தெரியாதவர் எந்த வயதினராயினும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் பீச்சுகளில் உயிர்காப்பாளர்கள் இல்லை என்பதை அங்கு போகும் குடும்பங்கள் நினைவில் கொள்வது நல்லது.

ஊரில் கிணற்றிலும் குளத்திலும் நீந்தியவர்களுக்கும் இந்தக் குளிர் புதியது; இங்கு பிறந்த பிள்ளைகளில் பலர் நீச்சலே பழகுவதில்லை. கனடிய உயிர்காப்புச் சங்கத்தின் உயிர் தப்பும் நீச்சல் பயிற்சி மூன்றே திறன்களைக் கற்பிக்கிறது: ஆழநீரில் உருண்டு விழுந்து மேலே வருவது, 1 நிமிடம் மிதந்து நிற்பது, 50 மீற்றர் நீந்துவது. கோடை வகுப்புகள் விரைவில் நிரம்பிவிடும். பதிவை இந்த வாரமே செய்ய வேண்டும்.

ஏரியில் நீந்த மிக ஏற்ற காலம் ஜூலை இறுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. அந்தக் காலத்தின் கடைசியில்தான், 1954 செப்டம்பர் 8 இரவு, 16 வயது மரிலின் பெல் நியூயோர்க் மாநிலத்தின் யங்ஸ்ரவுனில் இறங்கி, ஏறத்தாழ 21 மணி நேரம் நீந்தி மறுநாள் மாலை ரொறன்ரோவை அடைந்தார். ஏரியை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவரே. செப்டம்பரில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தாலும், முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்தோடு உயிர்காப்பாளர் பணி முடிந்துவிடும். குடும்பத்தோடு நீந்தும் நாட்களை அதற்கு முன், ஓகஸ்ட் மாதத்துக்குள் திட்டமிடுவது நல்லது.