மரத்தில் வடித்த துன்பம்

மாந்தர் துன்பத்தைச் சிற்பி எங்ஙனம் காட்டினான் என்பதை ஆராயப் புகும் நாம், ஜெர்மனியில் பான் நகரப் பொருட்காட்சிசாலையிலுள்ள மரச் சிற்பமொன்றை எடுத்துக்கொள்வோம். "ரோட்கன் பியத்தா" எனப்படும் இது 14-ஆம் நூற்றாண்டினது. உயரம் ஏறத்தாழ 89 சென்டிமீட்டரே. சிலுவையினின்று இறக்கிய ஏசுநாதரின் உடலை அன்னை மரியாள் மடிமீது தாங்கியிருக்கிறாள். இக்காட்சி நான்கு சுவிசேஷங்களுள் ஒன்றிலேனும் கூறப்படவில்லை. உடலை இறக்கியதற்கும் கல்லறையில் வைத்ததற்கும் இடையே ஒரு தாய் என் செய்திருப்பாள் என்று பக்தர் உள்ளமே எண்ணிப் பார்த்தது. அந்தி வழிபாட்டு வேளையோடு இணைத்து, இவ்வகை உருவத்தை ஜெர்மானியர் "வெஸ்பர்பில்ட்", அதாவது அந்திப் படிமம், என்றனர்.

அழகை நாடி இதன்முன் நிற்போர் ஏமாற்றமடைவர். மைந்தன் தலை பின்னே சரிந்து தொங்குகிறது, வாய் திறந்துளது, விலாவெலும்புகள் புடைத்துத் தெரிகின்றன. காயங்களின் குருதி வெறும் வண்ணமன்று. திராட்சைக் கொத்தெனத் துளிதுளியாகத் திரண்டு நிற்கிறது. அன்னையின் முகத்திற் சாந்தமில்லை. 1498-99-இல் மைக்கேலாஞ்சலோ சலவைக்கல்லில் வடித்த மரியாளோ இளமையும் அமைதியும் உடையவள். அதுவும் உயர்ந்த கலையே. ஆயினும், மகவை இழந்தவள் தன் முகத்தைக் காண்பது இந்த மரத்திலேதான் என்பது நம் துணிபு. இறந்த குழந்தையை ஏந்தி, வீடுவீடாய் மருந்து தேடிய கிசா கோதமியின் வரலாற்றைப் பயின்ற நமக்கு இம்முகம் அயலன்று.

கொள்ளைநோயே இக்கலையைத் தோற்றுவித்தது என்பாருமுளர். முற்றும் பொருந்தாது. அந்நோய் ஐரோப்பாவை எட்டியது 1347-இல்; கொலோன் நகரின் மரியாள் ஆலயத்திலுள்ள, உடலெங்கும் புண்பட்ட ஏசுவைத் தாங்கும் கவைச் சிலுவையோ 1304-ஆம் ஆண்டினதாகக் கருதப்படுகிறது. முன்னைச் சிற்பிகள் பலர் ஏசுவைச் சிலுவையிலும் கண்விழித்த வேந்தராகவே செதுக்கினர். அவர் நொந்து மடிந்த மனிதருமாவார் என்று தியானிக்கக் கற்பித்ததில் 13-ஆம் நூற்றாண்டுப் பிரான்சிஸ்கன் துறவியருக்குப் பெரும்பங்குண்டு. நோய் வந்தபோது படிமங்கள் ஆயத்தமாய் இருந்தன.

வேலை முறையும் அறியத்தக்கது. மரம் உலர்கையிற் பிளவாதிருக்க, இத்தகைய உருவங்களின் பின்புறத்தைக் குடைந்துவிடுவது வழக்கம். சுண்ணத்தூளும் பசையும் குழைத்துப் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுவர். புண்ணைச் செதுக்கியவன் ஒருவன். அதற்குக் குருதி நிறம் ஊட்டியவன் பெரும்பாலும் வேறொருவன். ரோட்கன் உருவத்தில் அவர்தம் பெயர் நிலைக்கவில்லை. வண்ணம் இன்றும் எஞ்சியுள்ளது.