ஊர் மாறும் பிள்ளைகளுக்குத் தவக்குல் பாடம்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மக்தப் வகுப்புகளிலும் புதுமுகங்களைப் பார்க்கிறோம். பனியன் கம்பெனி வேலையை நம்பி அவிநாசிக்கும் திருப்பூருக்கும் குடிவருகிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். இங்கிருந்து கோவை, சென்னை, வளைகுடா என்று கிளம்பும் பிள்ளைகளும் உண்டு. பெரியவர்களுக்கு அட்வான்ஸ், வாடகை, சம்பளம் என்று கவலைகள். பிள்ளை முகம் வாடி நின்றால், "அல்லாஹ் பார்த்துக்குவான், அழாதே" என்ற ஒரு வார்த்தையோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. வார்த்தை சரிதான். ஆனால், 'இனி இதைப் பற்றிப் பேசாதே' என்றுதான் பிள்ளையின் காதில் அது விழுகிறது. தவக்குல் என்பது வாயை அடைக்கும் சொல் அல்ல. அதை ஹிஜ்ரத்தின் வரலாற்றிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

முதல் பாடம்: ஏற்பாடு

கி.பி. 622-ல் நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது எவ்வளவு திட்டமிட்டார்கள் என்று பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை மாதக்கணக்கில் தீனி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அஸ்மா (ரலி) பயண உணவைக் கட்டிக் கொடுத்தார்கள். பாதை தெரிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித், முஸ்லிம் அல்லாதவர்; நம்பிக்கையானவர் என்பதால் வழிகாட்டியாக அமர்த்தினார்கள். இத்தனையும் செய்த பிறகும் எதிரிகள் குகை வாசல் வரை வந்துவிட்டார்கள். அப்போதுதான், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் சொன்னார்கள். நம்மால் முடிந்ததைச் செய்துவிட்டு, முடியாததை அல்லாஹ்விடம் விடுவதே தவக்குல்.

நம் காலத்து ஏற்பாட்டில் பள்ளிச் சேர்க்கை முக்கியம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அவர்கள் வேறொரு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இதைத் தெரியாமல் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, நஸீபு என்று சொல்லக் கூடாது.

இரண்டாம் பாடம்: ஏக்கம் ஈமான் குறைவல்ல

மதீனா வந்த புதிதில் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். மக்காவின் பள்ளத்தாக்கையும் புல்லையும் நீர்நிலையையும் நினைத்து ஏங்கிப் பாடினார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் கண்டிக்கவில்லை, மக்காவைப் போலவே, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆச் செய்தார்கள். பழைய வீட்டையும் நன்னியையும் கூட்டாளிகளையும் நினைத்து அழும் பிள்ளையிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். பிறகு அந்த துஆவை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து கேளுங்கள்.

மூன்றாம் பாடம்: உதவி மனிதர் வழியாக வரும்

மதீனாவில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் நபி (ஸல்) சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்கு பரக்கத்தை வேண்டிவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று முன்னேறினார்கள். கொடுத்தவரின் மனதும் கேட்டவரின் உழைப்பும் பிள்ளைகள் அறிய வேண்டியவை.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஊர் மாறும் செய்தியைக் கடைசி நாள் வரை மறைக்காதீர்கள். கூட்டாளிகளிடமும் உஸ்தாதிடமும் ஸலாம் சொல்லி விடைபெற நேரம் கொடுங்கள். பிள்ளையின் பையைப் பிள்ளையே கட்டட்டும். அது அதன் பங்கு ஏற்பாடு. புது ஊரில் முதல் நாளே பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வழியை அத்தாவோ அம்மாவோ நடந்து காட்டுங்கள்.

"அங்கே ஒரு கஷ்டமும் வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வந்துவிட்டால் உங்கள் பேச்சோடு தவக்குல் மீதுள்ள நம்பிக்கையும் உடையும். "கஷ்டம் வந்தாலும் அல்லாஹ் நம்மோடு இருக்கிறான், யார் கேலி செய்தாலும், தொந்தரவு கொடுத்தாலும் எங்களிடம் வந்து சொல்" என்று சொல்லுங்கள். தவக்குல் என்ற பெயரில் பிள்ளை கொடுமையைச் சகித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த பிள்ளை எந்த மாவட்டமாகவோ, எந்த மொழி பேசுவதாகவோ இருக்கட்டும். மக்தபில் அதைத் தன் பக்கத்தில் உட்கார வைக்க உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை அல்லாஹ்விடம் கேட்ட துஆவுக்குப் பதிலாக உங்கள் பிள்ளை அமையலாம்.

புது ஊரில் கால் வைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அல்லாஹ் அந்த ஊரைப் பிரியமாக்கி, அவ்வூராருக்கும் அந்தப் பிள்ளையைப் பிரியமாக்கி வைப்பானாக. ஆமீன்.